நிலத்தின் மதிப்பும் கோர்ட்டின் எல்லையும்

பீகார் மாநிலத்தில் முங்கேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கங்கைக் கரையில் உள்ள பழைய ஊர். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 12 ஏக்கர் 51 சென்ட் நிலம். அந்த நிலத்துக்காக ஒரு வழக்கு நடந்தது. முங்கேர் கோர்ட்டில் தொடங்கியது. பாட்னா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போய், 1954ஆம் ஆண்டில்தான் முடிந்தது.

நிலத்தில் யாருக்கு உரிமை என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது வேறு விஷயம். இந்த வழக்கின் மதிப்பு என்ன? அந்த மதிப்புக்கு எந்தக் கோர்ட் விசாரித்திருக்க வேண்டும்? வாதமெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வந்தது.

நடந்தது இதுதான்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நிலத்தின் சொந்தக்காரர்கள் அதைச் சிலருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அதற்காக 1,950 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். குத்தகை கொடுப்பதற்காக முதலில் வாங்கும் இந்தப் பணத்துக்கு அந்தப் பக்கத்தில் சலாமி என்று பெயர். பிறகு வேறு பதினொரு பேர் நிலத்தில் புகுந்து விளைச்சலை எடுத்துப் போய்விட்டார்கள் என்று, பணம் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

அந்தப் பதினொரு பேரின் பதில் வேறு மாதிரி இருந்தது. தாங்கள் புதிதாக வந்தவர்கள் அல்ல, வெகு காலமாக அந்த நிலத்தை வாரத்துக்கு உழுது வருகிறோம், சொந்தக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து வருகிறோம் என்றார்கள். நிலத்தில் தங்களுக்கு உரிமை ஏற்பட்டுவிட்டது, சொந்தக்காரர்களே நினைத்தாலும் அதை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட முடியாது என்றார்கள். வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அவர்கள் கையில் ரசீதுகள் இருந்தன. நிலக்கணக்கு எழுதும் பட்வாரி தம் கையால் எழுதிக் கொடுத்த ரசீதுகள் அவை.

வழக்குப் போடுபவர் கோர்ட்டில் கொடுக்கும் மனுவுக்குப் பிராது என்று பெயர். பிராதில் வழக்கின் மதிப்பையும் எழுத வேண்டும். இவர்கள் 2,950 ரூபாய் என்று எழுதினார்கள். நிலத்துக்காகக் கொடுத்த 1,950 ரூபாய், பறிபோன விளைச்சலுக்கு 1,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 2,950.

சப்-கோர்ட் நீதிபதி ரசீதுகளைப் பார்த்தார். உழுதவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நிலத்தில் இருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். வழக்கைத் தள்ளுபடி செய்தார். தோற்றவர்கள் மாவட்டக் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்தார்கள். அங்கேயும் தள்ளுபடி. பிறகு பாட்னா உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு செய்தார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. கோர்ட் கட்டணம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அங்கே ஓர் அலுவலர் உண்டு. பிராதில் போட்ட மதிப்பு குறைவு என்று அவர் குறிப்பு எழுதினார். உயர் நீதிமன்றம் விசாரித்தது. சரியான மதிப்பு 9,980 ரூபாய் என்று முடிவு செய்தது. குறைந்த கட்டணத்தைக் கட்டச் சொன்னது. அவர்களும் கட்டினார்கள்.

கட்டிவிட்டு ஒரு புது வாதத்தை எடுத்தார்கள். அந்த வாதம் புரிய வேண்டுமானால், கோர்ட்டுகளின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஓர் அளவு

சிவில் வழக்கு என்றால் நிலம், வீடு, பணம், பாகம், ஒப்பந்தம் போன்றவை பற்றிய வழக்கு. இவற்றை விசாரிக்கக் கீழிருந்து மேலாகப் பல கோர்ட்டுகள் உள்ளன. மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். ஓர் இடத்தில் முன்சீப் கோர்ட் என்பார்கள். இன்னோர் இடத்தில் சிவில் நீதிபதி கோர்ட் என்பார்கள். அதற்கு மேலே சப்-கோர்ட், மாவட்டக் கோர்ட் என்று போகும்.

கீழ்க் கோர்ட்டுகளுக்குப் பண அளவில் ஓர் எல்லை உண்டு. இத்தனை ரூபாய் மதிப்பு வரை உள்ள வழக்கைத்தான் இந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்லியிருக்கும். அதற்கு மேல் போனால் அடுத்த கோர்ட்டுக்குப் போக வேண்டும். மேல்முறையீடு எங்கே போகும் என்பதும் பல இடங்களில் இந்த மதிப்பைப் பொறுத்ததே.

1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பொதுவானது. ஒரு வழக்கை, அதை விசாரிக்கத் தகுதியுள்ள கோர்ட்டுகளில் கீழ்மட்டத்தில் உள்ள கோர்ட்டில்தான் போட வேண்டும் என்று அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான விதிதான். சின்ன வழக்குகள் எல்லாம் பெரிய கோர்ட்டில் போய்க் குவிந்தால் பெரிய வழக்குகளை யார் பார்ப்பது? கிராமத்து மனிதருக்கும் பக்கத்து ஊர்க் கோர்ட் என்றால் பஸ் செலவு குறையும்.

பண எல்லை மட்டும் போதாது. இட எல்லையும் உண்டு. நிலமோ வீடோ எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்கு உரிய கோர்ட்டில்தான் பொதுவாக வழக்குப் போட வேண்டும். இதைச் சொல்வது 16ஆம் பிரிவு.

பண எல்லை என்றைக்கும் ஒரே அளவில் நிற்பதில்லை. டெல்லியைப் பாருங்கள். அங்கே பெரிய மதிப்புள்ள வழக்குகளை உயர் நீதிமன்றத்திலேயே நேராகப் போடலாம். 2003ஆம் ஆண்டிலிருந்து 20 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் உயர் நீதிமன்றம் என்று இருந்தது. நகரத்தில் மனை விலை ஏறிக்கொண்டே போனது. சாதாரண வீட்டுத் தகராறு கூட உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2015இல் சட்டத்தைத் திருத்தி, அந்த எல்லையை 2 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். நிலுவையில் இருந்த ஏராளமான வழக்குகள் மாவட்டக் கோர்ட்டுகளுக்கு மாற்றப்பட்டன. வீடு அதே வீடு, சண்டையும் அதே சண்டை. கோர்ட் மட்டும் மாறிவிட்டது.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷத்துக்கு முன்பு எந்தக் கோர்ட்டுக்குப் போனார் என்று கேட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. இன்றைய எல்லை என்ன என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

பாட்னாவில் வந்த வாதம்

இப்போது முங்கேர் வழக்குக்குத் திரும்பலாம். அந்தக் காலத்தில் அங்கே இருந்த சட்டப்படி, 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள வழக்கில் சப்-கோர்ட் தீர்ப்பு வந்தால், மேல்முறையீடு மாவட்டக் கோர்ட்டுக்குப் போகும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

வழக்குப் போட்டவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கின் சரியான மதிப்பு 9,980 ரூபாய் என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியானால் மேல்முறையீடு மாவட்டக் கோர்ட்டுக்குப் போயிருக்கவே கூடாது. அந்தக் கோர்ட்டின் தீர்ப்பு செல்லாது. அதை ஒதுக்கிவிட்டு, எங்கள் மேல்முறையீட்டை முதல் மேல்முறையீடாக எடுத்து விசாரிக்க வேண்டும். இதுதான் வாதம்.

முதல் மேல்முறையீடு என்றால் என்ன லாபம்? முதல் மேல்முறையீட்டில் சாட்சியங்களை எல்லாம் மறுபடியும் அலசிப் பார்க்கலாம். ரசீது உண்மையா, யார் உழுதது என்று புதிதாகக் கேட்கலாம். இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டம் பற்றிய கேள்விகளுக்குத்தான் இடம். கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் உண்மை என்று ஏற்றுக்கொண்டதைக் கிளற முடியாது. மதிப்பைப் பற்றிய வாதம் ஜெயித்தால், தோற்றுப்போன நிலத்துக்கு இன்னொரு முறை போராடலாம்.

பாட்னா உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். தமிழ்நாட்டிலிருந்து போனவர். கர்நாடக இசையில் பெரும் புலமை உள்ளவர் என்றும் பெயர் பெற்றவர்.

அவர் முதலில் ஒரு பொது விதியைச் சொன்னார். அதிகாரம் இல்லாத கோர்ட் கொடுத்த தீர்ப்பு செல்லாது. அதை எந்தக் கட்டத்திலும் எதிர்க்கலாம். ஆனால் மதிப்புத் தவறால் வரும் குறைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது 1887ஆம் ஆண்டின் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு இப்படிப் போகிறது. மதிப்பைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதால் வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லாமல் விட்டவர் மேல்முறையீட்டில் சொன்னால், வெறும் மதிப்புத் தவறு போதாது. அந்தத் தவறால் வழக்கின் நியாயமே கெட்டுப்போனது என்று காட்ட வேண்டும்.

இங்கே என்ன கெட்டுப்போனது? ஒரு கோர்ட்டுக்குப் பதிலாக வேறு கோர்ட் விசாரித்தது. அது மட்டுமே பாதிப்பு ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். அதோடு இன்னொன்றும் உண்டு. குறைந்த மதிப்பை எழுதியவர்களே இவர்கள்தான். தாங்களே தேடிப் போன கோர்ட்டைப் பற்றித் தாங்களே புகார் சொல்ல முடியாது.

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. வழக்குப் போட்டவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் ஓடியிருந்தன.

மதிப்பை எப்படிக் கணக்கிடுவது

வழக்கின் மதிப்பு என்பது எப்போதும் சொத்தின் விலை அல்ல. கோர்ட்டில் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அது அமையும். பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான்.

கடன் கொடுத்த பணம் வேண்டும் என்றால், கேட்கும் தொகைதான் மதிப்பு. அதில் குழப்பம் இல்லை.

வீட்டை ஒருவர் ஆக்கிரமித்துவிட்டார், அவரை வெளியேற்ற வேண்டும் என்றால், வீட்டின் சந்தை விலைதான் மதிப்பு. சந்தை விலை என்றால், விற்கப் போனால் என்ன கிடைக்குமோ அது. பிராது கொடுக்கும் நாளில் உள்ள விலையைப் போட வேண்டும். வழக்கு பத்து வருஷம் நடந்து, அதற்குள் விலை மூன்று மடங்கு ஏறினாலும், அதற்காகக் கோர்ட் மாறாது.

அதே வீட்டில் இருப்பவர் வாடகைக்கு வந்தவர் என்றால் கணக்கே வேறு. 1870ஆம் ஆண்டின் கோர்ட் கட்டணச் சட்டப்படி, வழக்குப் போடும் நாளுக்கு முந்திய ஒரு வருஷ வாடகைதான் மதிப்பு. ஒரு வீட்டின் விலை 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 4,000 ரூபாய். ஒரு வருஷ வாடகை 48,000 ரூபாய். வழக்கின் மதிப்பு அந்த 48,000 ரூபாய்தான். முப்பது லட்ச ரூபாய் வீடு, ஆனால் வழக்கு கீழ்க் கோர்ட்டுக்கே போகும். (வாடகைக்கு என்று தனிச் சட்டம் உள்ள ஊர்களில் வேறு அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திடமோ போக வேண்டியிருக்கலாம்.)

வரி கட்டும் விளைநிலத்துக்கு இன்னொரு கணக்கு. 1870ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, கோர்ட் கட்டணத்துக்கு நிலவரியை வைத்தே மதிப்புப் போட்டார்கள். நிலவரி நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்ட நிலத்துக்கு அதன் பத்து மடங்கு. அப்படி நிர்ணயிக்கப்படாத நிலத்துக்கு ஐந்து மடங்கு. உழவரின் மீது பாரம் ஏறக் கூடாது என்றால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோர்ட்டின் எல்லைக்கு நிலத்தின் மதிப்பை வேறு விதமாகக் கணக்கிட மாநிலங்கள் விதி செய்யலாம். அதனால் ஒரே நிலத்துக்கு இரண்டு மதிப்பு வரக் கூடும். ஒன்று கட்டணத்துக்கு. மற்றது எந்தக் கோர்ட் என்று தீர்மானிப்பதற்கு. இரண்டையும் பிராதில் எழுத வேண்டும்.

கோர்ட் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்கள் தனித்தனியே சட்டம் வைத்திருக்கின்றன. வேறு சில மாநிலங்கள் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தி வைத்துக்கொண்டிருக்கின்றன. தடையுத்தரவு வழக்குக்கும் பாகப் பிரிவினை வழக்குக்கும் மதிப்புப் போடும் முறை ஊருக்கு ஊர் மாறுவது இதனால்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நிலத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு வைத்திருப்பார்கள். அது முத்திரைத் தீர்வைக்காகப் போட்டது. அதுவே சந்தை விலை என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அக்கம் பக்கத்தில் அதே மாதிரி நிலம் அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைக் காட்டும் பத்திரங்கள் நல்ல சான்று. சந்தேகம் இருந்தால், நேரில் போய் விசாரித்து வரக் கோர்ட் ஒருவரை நியமிக்கவும் முடியும்.

குறைத்து எழுதினால்

மதிப்பைக் குறைத்தால் கட்டணம் குறையும் என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. எப்படியாவது எழுதிக் கொடுங்கள் ஐயா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுபவரிடம் சொல்வார்கள். பிறகு பார்க்கும்போது தொல்லை பெரிதாக இருக்கும்.

மதிப்பு குறைவு என்று தெரிந்தால், சரி செய்யச் சொல்லிக் கோர்ட் நாள் குறிக்கும். அந்த நாளுக்குள் திருத்திக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் பிராதை நிராகரிக்கலாம். திருத்திய மதிப்பு அந்தக் கோர்ட்டின் எல்லையைத் தாண்டினால், பிராதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு சரியான கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

திருப்பிக் கொடுத்தால் என்ன, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் போயிற்று என்று நினைக்கலாம். அவ்வளவு சுலபம் அல்ல. திருப்பிக் கொடுக்கப்பட்ட பிராதை வேறு கோர்ட்டில் கொடுத்தால், வழக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் என்று 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கோர்ட்டில் பாதி விசாரணை முடிந்திருந்தாலும், சாட்சிகளை மறுபடி அழைக்க வேண்டும். அதற்குள் வயதான சாட்சி ஒருவர் இறந்துபோனால், அவர் சொல்லியிருக்க வேண்டியதை யார் வந்து சொல்வார்கள்?

காலக்கெடுவும் இருக்கிறது. நிலத்தில் உரிமை உள்ளவர், அதை மீட்க வழக்குப் போடுவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகள். தவறான கோர்ட்டில் செலவான நாட்களைக் கழித்துக்கொள்ள 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் அந்த வழக்கை நடத்தியவருக்குத்தான் அந்தச் சலுகை. தெரிந்தே மதிப்பைக் குறைத்தவருக்கு அது கிடைப்பது கடினம்.

வழக்கு நம் மேல் வந்தால்

எதிரி போட்ட வழக்கில் மதிப்பு தவறு என்று தோன்றினால், அதை எப்போது சொல்வது? முதலிலேயே. பதிலுரை கொடுக்கும்போதே எழுதிவிட வேண்டும். எந்தெந்தக் கேள்விகளுக்கு முடிவு காண வேண்டும் என்று நீதிபதி வகுக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாளைத் தாண்ட விடக் கூடாது.

1976ஆம் ஆண்டில் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, பண எல்லை பற்றியும் இதே விதியை 21ஆம் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் பேசாமல் இருந்தவர், தோற்ற பிறகு மேல் கோர்ட்டில் போய் இந்தக் குறையைக் கிளப்ப முடியாது. தவறால் நியாயம் தவறியது என்றும் காட்ட வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? கெட்டிக்காரர் ஒருவர் குறையை மடியில் முடிந்து வைத்திருப்பார். ஜெயித்தால் சும்மா இருப்பார். தோற்றால் அவிழ்த்து விடுவார்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது பத்திரம், பட்டா அல்லது அதைப் போன்ற நில ஆவணம், வரி ரசீது, வாடகை ரசீது எல்லாவற்றையும் எடுத்துப் போவது நல்லது. பிராதில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மதிப்பு எழுதிய பத்தியை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். சிலர் பெயரும் சர்வே எண்ணும் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். மதிப்பு எழுதிய இடம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எந்தக் கணக்கில் இந்தத் தொகை வந்தது என்று வக்கீலைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கையெழுத்து வழக்குப் போடுபவருடையது. முங்கேரில் 2,950 என்ற எண்ணுக்குக் கீழே இருந்ததும் அப்படி ஒரு கையெழுத்துதான்.

கட்டணம் கட்டப் பணம் இல்லை என்பதற்காக மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், உடல் ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வக்கீல் மட்டும் அல்ல, கோர்ட் கட்டணமும் இந்த உதவியில் அடங்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.